தண்ணீர் போகும் வழி

கீழ்பென்னாத்தூர் இன்னும் வரவில்லை. அதற்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது.

முருகவேல் வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் ஒதுக்கி எஞ்சினை அணைத்தார். பானட் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பியது. முன் இருக்கையில், மடியில் சீர்த்தட்டோடு உட்கார்ந்திருந்த சரசு அந்த ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பேரனுக்குக் காதுகுத்து. நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்துவிட்டது.

“மறுபடியுமாங்க?”

“மறுபடியும்தான். நீ இறங்காத, வெயிலு. ஆறட்டும்.”

“போன வாரம்தான புது ஹோஸ் போட்டாங்க?”

“போட்டான். ஹோஸ் நல்லாத்தான் இருக்குது. வேற எங்கியோ லீக். கண்ணுக்குத் தெரியாம போவுது தண்ணி.”

அவர் அவசரப்படவில்லை. கொதிக்கிற ரேடியேட்டரை உடனே திறந்தால் சுடுதண்ணீர் முகத்தில் அடிக்கும். முப்பது வருடம் வாடகைக் கார் ஓட்டியவருக்கு அது தெரியாதா? பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு வந்து, அவள் பக்கத்துக் கண்ணாடியில் தன் துண்டைச் செருகி வெயிலை மறைத்தார். “மகாராணிக்கு ஏசி இல்ல, இதான்” என்றார். வெகுநேரம் கழித்து, ஈரத்துணியை மூடியின் மேல் போட்டு, கொஞ்சம் திருகி, மிச்ச ஆவியை வெளியே விட்டு, மறுபடி கொஞ்சம் திருகித் திறந்து, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றினார்.

அந்தக் கைகளுக்கு ஒன்றும் மறக்கவில்லை என்று சரசு நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசானது. கோளாறு வண்டியில்தான்.

அப்படி நினைத்து ஆறுதல்பட அவளுக்குக் காரணம் இருந்தது. செங்கம் ரோட்டு விடுதிகளில் தங்குகிறவர்களைச் சென்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவதுதான் முருகவேலின் தொழிலாக இருந்தது. ஒருநாள், விமானத்துக்குப் போக வேண்டிய வெள்ளைக்கார அம்மா ஒருவரைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய்க் கடற்கரையில் இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “தூக்கக் கலக்கம் சரசு. அந்த அம்மாகூட கடலப் பாத்ததும் சிரிச்சிட்டாங்க.” சரசு சிரிக்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போனாள். மறதி நோயின் ஆரம்பம் மாதிரி இருக்கிறது என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லி, மாத்திரை எழுதினார். வண்டி ஓட்டுவதில் கவனமாக இருங்கள் என்றார்.

கவனமாக இருப்பது என்றால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது என்று சரசு பொருள் எடுத்துக்கொண்டாள். வாடகைக்கு ஓட்டுவது நின்றது. ஆனால் அந்த வெள்ளை டீசல் கார் வேங்கிக்கால் வீட்டு வாசலிலேயே நின்றது. அவர் எங்கே எடுத்தாலும் முன் இருக்கையில் அவளும் இருந்தாள். “இந்த வயசுல புதுப் பொண்ணாட்டம் எங்க போனாலும் ஒட்டிக்கினு வர்றா” என்று அவர் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். பெருமையாகத்தான்.

இப்போது வெள்ளிக்கிழமை வருகிறது. தாம்பரத்தில் இருக்கும் அவர்களுடைய ஒரே மகள் கவிநிலாவுக்கு அன்று காலை வளைகாப்பு. முடிந்த கையோடு அவளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். நல்ல வண்டி ஒன்று பேசி அனுப்புகிறேன் மாமா என்று மாப்பிள்ளை சொன்னதற்கு முருகவேல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். “என் பொண்ணு என் வண்டியிலதான் வருவா” என்று முடிவாகச் சொல்லிவிட்டார். கவியும், “அப்பா ஓட்டுனாதான்மா எனக்குக் குலுங்காது” என்று போனில் சொல்லியிருந்தாள். அவளுக்கு டாக்டர் சொன்னது எதுவும் தெரியாது.

வண்டி சரியாகிவிட வேண்டும். சரியாகிவிட்டால் அவர் ஓட்டுவார், இவள் பக்கத்தில் இருப்பாள், பின்னால் கவி படுத்துக்கொண்டு வருவாள். சரசு அதற்கு மேல் யோசிக்க விரும்பவில்லை.

மறுநாள் அவலூர்பேட்டை ரோட்டில் அருள்ராஜின் பட்டறைக்குப் போனார்கள். முருகவேலைவிட இளையவன், அந்த வண்டியை வெகுகாலமாகப் பார்க்கிறவன்.

“அண்ணி, இந்த வண்டி குடிக்கிறத பாத்தா சாயந்திரம் கடை வாசல்ல கிடக்கிறவனே தேவலாம் போல இருக்குது” என்றான் அருள்ராஜ்.

“பேசாம வேலையப் பாருடா” என்றார் முருகவேல்.

அருள்ராஜ் குனிந்து எல்லா இணைப்புகளையும் விளக்கு அடித்துப் பார்த்தான். எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீருக்குப் பதில் ஊற்றும் கூலன்ட் கசிகிற இடத்தில் அது காய்ந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும். எங்கும் பூக்கவில்லை. வாட்டர் பம்புக்கு அடியில் விரலை விட்டுத் தடவினான். ஈரம் இல்லை. முன் இருக்கைகளுக்குக் கீழே மிதியடியைத் தூக்கி முகர்ந்தான். அங்கும் காய்ந்துதான் இருந்தது. கடைசியில் ரேடியேட்டரை நிரப்பி, மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பு மாதிரி ஒரு கருவியை மாட்டி காற்றை அடித்தான். எங்கே சின்ன ஓட்டை இருந்தாலும் கருவியிலுள்ள முள் இறங்கும். மூன்று பேரும் நின்று அந்த முள்ளையே பார்த்தார்கள். டீ வந்தது. குடித்தார்கள். முள் அசையவே இல்லை.

“லீக்கே இல்லண்ணா” என்றான் அருள்ராஜ்.

“அப்ப தண்ணி எங்கடா போவுது? ஆவியாயி மலை மேல போவுதா?”

“அதான் எனக்கும் புரியல.”

முருகவேல் டீக்கடைக்குத் தம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அருள்ராஜ் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ சுரண்டினான். டயர் பள்ளத்தில் நசுங்கிய எலுமிச்சைத் தோல். இன்னும் மஞ்சளாக, ஈரமாக இருந்தது.

“இன்னா அண்ணி, இன்னிக்கு வண்டிக்குப் பூஜை போட்டீங்களா?”

“இல்லியே. அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்குதே.”

“இது இன்னிக்கு நசுங்கின பழம்.”

சரசு அந்தத் தோலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஃப்ரிட்ஜில் எலுமிச்சம்பழம் குறைந்துகொண்டே வந்தது நினைவுக்கு வந்தது. ரசத்துக்குப் பிழியப் பழம் இல்லாமல் போனபோது, தான்தான் வாங்க மறந்துவிட்டோம் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, ஒண்ணு கேக்கறேன். அண்ணா இப்பவும் அமாவாசைக்குத் தண்ணி மாத்துறாரா?”

“அதை விட்டு எவ்ளோ வருஷம் ஆவுது. நீதான வேணாம்னு சொன்ன.”

வண்டிக்கு அமாவாசைப் பூஜை போடுவது ஊரில் எல்லோரும் செய்வதுதான். அன்றைக்கு ரேடியேட்டர் தண்ணீரையும் இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றுவது முருகவேலின் தனிப் பழக்கம். வேங்கிக்கால் போர்வெல் தண்ணீர் உப்பு. உள்ளேயே கிடந்தால் இரும்பைத் தின்றுவிடும் என்பார். கூலன்ட் ஊற்ற ஆரம்பித்தபிறகு அருள்ராஜ் சண்டை போட்டு அதை நிறுத்தியிருந்தான்.

அவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த நாள் விடிந்ததும் சரசு வழக்கம்போலப் பால் வாங்கக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பால் பூத்துக்குப் போகவில்லை. எதிர் வீட்டு ஜோதியம்மாளின் கேட்டுக்கு உள்ளே, செம்பருத்திச் செடிக்குப் பின்னால் போய் நின்றாள். கோலம் போட வந்த ஜோதியம்மாள், “இன்னா சரசு, சொந்த வீட்டுலியே திருடப் போறியா?” என்று ஆரம்பித்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

முருகவேல் வெளியே வந்தார். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஒரு பிளாஸ்டிக் பேசினை வண்டிக்கு அடியில் தள்ளினார். மல்லாந்து படுத்து, ரேடியேட்டரின் அடியில் தண்ணீர் இறக்குவதற்கு இருக்கும் சின்னத் திருகைத் திறந்தார். பச்சைத் தண்ணீர் பேசினில் விழும் சத்தம் தெருவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. அது இறங்கும் நேரத்தில் வண்டியைத் துடைத்தார். பிறகு திருகை இறுக மூடினார். பேசினை ஒரு சொட்டுச் சிந்தாமல் தூக்கிப் போய்ச் சாக்கடையில் கொட்டினார். கூலன்ட் தித்திக்கும், தெருநாய் நக்கினால் செத்துப்போகும் என்று எல்லோருக்கும் சொல்கிறவர் அவர். சூடம் காட்டினார். நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்து, எஞ்சினைப் போடாமலே ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியைத் தள்ளி நசுக்கினார். தோல்களைப் பெருக்கி எடுத்துக் குப்பையில் போட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு உள்ளே போனார்.

புதுக் கூலன்டோ தண்ணீரோ எடுத்துக்கொண்டு வர வேண்டும். சரசு காத்திருந்தாள். வந்துவிடுங்கள், தண்ணீரோடு வந்துவிடுங்கள் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் செய்தித்தாளோடு வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

ஜோதியம்மாள் அவள் தோளைத் தொட்டாள். சரசு அந்தக் கையை விலக்கிவிட்டு, அங்கிருந்தே பட்டறைக்கு ஆட்டோ பிடித்தாள்.

“வண்டி செத்துப்போச்சுனு சொல்லிடு அருளு” என்றாள், பட்டறை வாசலில் நின்று. “இனிமே ஓடாதுனு சொல்லிடு. நீ சொன்னா கேப்பாரு.”

“அண்ணி, அது நல்ல எஞ்சினு. அதைப் போய் எப்படி…”

“ஏழு மாசப் புள்ளத்தாச்சிய அதுல ஏத்தப் போறாரு. எனக்கு அவருகிட்ட சொல்ற தைரியம் இல்ல. உனக்கு இருந்தா, நீ போய் அவருக்கு மூளை சரியில்லனு சொல்லு. இல்லனா வண்டிக்குச் சரியில்லனு சொல்லு.”

அருள்ராஜ் கையைத் துடைத்த துணியை மறுபடியும் மறுபடியும் மடித்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

வீட்டுக்கு வந்து பானட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்க்கிற மாதிரி பார்த்தான். “அண்ணா, நேத்து பூரா இதே யோசனை. எஞ்சின் ஹெட்ல கிராக் விட்டிருக்குது. தண்ணி உள்ளயே எரிஞ்சு போவுது. அதான் வெளிய தெரியல. இனிமே இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்டு.”

முருகவேல் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். “ஹெட் கிராக்கா? புகை வெள்ளையா வந்துதா?”

“வந்துதுண்ணா.”

“எப்ப வந்தது? நேத்து ஸ்டார்ட் பண்ணப்ப நான் பின்னாலதான நின்னேன்?”

“கொஞ்சமா…”

“இரு.” அவர் ஆயில் குச்சியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தார். “தண்ணி உள்ள போனா ஆயில் எப்படி இருக்கும்?”

“பால் ஊத்துன டீ மாதிரி.”

“இது எப்படி இருக்குது?”

“கறுப்பா இருக்குதுண்ணா.”

“ம். தண்ணியக் கொண்டா.” தானே ரேடியேட்டரை நிரப்பி, மூடியைத் திறந்து வைத்து, அவனை எஞ்சினைப் போடச் சொன்னார். வெகுநேரம் குனிந்து பார்த்தார். “குமிழி வருதா? வந்து பாரு. வருதா?”

“இல்லண்ணா.”

“அப்ப கிராக் எங்கடா? உன் மண்டையிலயா? எவன்கிட்டடா தொழில் கத்துக்கிட்ட நீ!” அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பங்கு போட்டுக்கொள்ள, எப்போதும்போல, சரசுவின் பக்கம் திரும்பினார்.

சரசு கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

முருகவேலின் சிரிப்பு நின்றது. அருள்ராஜைப் பார்த்தார். அவன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தண்ணி எங்க போவுது சரசு?” என்று கேட்டார். மெக்கானிக்கைக் கேட்க வேண்டியதை அவளைக் கேட்டார்.

“நீங்கதாங்க இறக்கறீங்க” என்றாள். “தெனம் காலையில. அமாவாசைனு நெனச்சுக்கிட்டு. இறக்கிட்டு, ஊத்த மறந்துடறீங்க.”

அவர் இல்லை என்று சொல்வார், சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். “அந்த வெள்ளக்கார அம்மா… பாண்டிச்சேரி… அதுவும் இதுதானா?” என்றார்.

அவள் தலையாட்டினாள்.

“நான் தூக்கக் கலக்கம்னுல்ல நெனச்சேன்.”

சாவிக்கொத்திலிருந்து வண்டிச் சாவியைத் தனியாகக் கழற்ற அவருக்கு நகம் போதவில்லை. அருள்ராஜ் உதவிக்கு வந்தான். “நானே பண்றேன்” என்றார். கழற்றி அவன் கையில் வைத்தார். “உன் பட்டறையிலியே இருக்கட்டும். என் கண்ணுல படாத மாதிரி எங்கியாவது நிறுத்து. நல்ல எஞ்சினு அருளு. தண்ணி இருக்குதானு பாத்துட்டு எடு.”

வண்டி தெரு முனை திரும்பியதும் மகளுக்குப் போன் போட்டார். “கவி, அப்பா வண்டி போச்சும்மா. ஹெட் கிராக் ஆயிடுச்சு. ஆமா, வயசாச்சு இல்ல அதுக்கும். நீ மாப்பிள்ளைய வண்டி பேசச் சொல்லு.” வைத்துவிட்டுச் சரசுவின் கையைப் பிடித்தார். “குழந்த பொறக்கற வரைக்கும் அவளுக்குத் தெரிய வேணாம். சொல்ல மாட்டேன்னு சொல்லு.”

“சொல்ல மாட்டேன்.”

அன்று ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது, இனி தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்பதில் சரசுவுக்கு ஒரு சின்ன நிம்மதி இருந்தது. அது காலை வரைக்கும்தான்.

“சரசு! ஓடியா! வாசல்ல வண்டியக் காணோம்!”

அவள் ஓடி வந்து, நிறுத்தி நிதானமாக, எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். அவர் முதல் தடவையாகக் கேட்டார். முகம் முதல் தடவையாக இடிந்தது. “நானா?” என்று கேட்டார். பாண்டிச்சேரியையும் மறுபடி கேட்டார். அதற்கடுத்த நாள் காலை அவர் வாசலில் நின்று கூப்பிட்டபோது, அவளால் அந்த முகத்தை மறுபடி பார்க்க முடியவில்லை. “சர்வீசுக்கு விட்டிருக்குதுங்க” என்றாள். “ஓ” என்றார். “லீக்கைப் பாக்கச் சொன்னியா?” “சொன்னேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே பஸ் ஏறித் தாம்பரம் போனார்கள். வளைகாப்பு நன்றாகவே நடந்தது. முருகவேல் பட்டு வேட்டியில் எல்லோரையும் வரவேற்றார், சம்பந்தியோடு சிரித்துப் பேசினார். கவியின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் ஏறியபோது ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சரசு அவருக்கு ஓர் அடி பின்னாலேயே நின்றிருந்தாள்.

மாப்பிள்ளை பேசியிருந்த வண்டியில் மத்தியானம் கிளம்பினார்கள். முருகவேல் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். கவி பின்னால், அம்மா தோளில் சாய்ந்துகொண்டு. திண்டிவனம் தாண்டும் வரை பேசிக்கொண்டே வந்தாள். பெயர் யோசித்திருக்கிறோம், சொல்ல மாட்டோம் என்றாள். வண்டி போனதில் அப்பாவுக்கு ரொம்ப வருத்தமா என்று காதோடு கேட்டாள். “இல்ல, தேத்திக்கிட்டாரு” என்றாள் சரசு.

செஞ்சி வருவதற்குச் சற்று முன்னால் முருகவேல் எட்டி டிரைவருக்கு முன்னால் இருந்த மீட்டர் முட்களைப் பார்த்தார். “சூடு ஏறல. நல்லா வச்சிருக்கீங்க வண்டிய” என்றார். டிரைவர் சிரித்தான்.

பிறகு அவர் பின்னால் திரும்பினார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“கவி! வளைகாப்பு என்னிக்கும்மா வச்சிருக்காங்க? அப்பா வண்டி எடுத்துட்டு வந்துடறேன். நீ வேற எதுலியும் ஏறாத.”

கவி அம்மாவின் முந்தானையைச் சரி செய்துகொண்டிருந்தாள். வளையல் சத்தம் நின்றுபோனது. அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து முதலில் சிரித்தாள். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். அவள் அம்மாவைப் பார்த்தாள்.



“அம்மா?” என்றாள் கவி. பிறகு இன்னும் சின்னக் குரலில், “அம்மா, அப்பாவுக்கு இன்னா?”

“என்னிக்குனு கேட்டேனே” என்றார் முருகவேல்.

“வெள்ளிக்கிழமைங்க” என்றாள் சரசு.

“இன்னும் நாள் இருக்குது. அதுக்குள்ள லீக்கைக் கண்டுபிடிச்சுடுவான்.” அவர் நிம்மதியாக முன்னால் திரும்பிக்கொண்டார்.

கவியின் கை அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தது. அவ்வளவு வளையலும் சரசுவின் மணிக்கட்டில் அழுந்தின. வலித்தது. அவள் கையை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே செஞ்சி மலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. முன் இருக்கையில் அவர் டிரைவரிடம், கொதிக்கிற ரேடியேட்டரை எப்படித் திறக்க வேண்டும் என்று, ஒரு தப்பும் இல்லாமல், சொல்லிக்கொண்டு வந்தார்.